முன்சக்கரத்துச் சத்தம்

என் சைக்கிள் பிரேக்கிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசனை வந்த அந்தக் காலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. பிரேக் என்றால் ரப்பர் கருகும் நாற்றம் வரலாம், இரும்பு வாசனை வரலாம். பூஜை அறை வாசனை வருமா? வந்தது. கோரிமேட்டு இறக்கத்தில் ஒரு மணல் குவியலில் மகளோடு விழுந்து கிடந்தபோது என் மூக்குக்கு நேராக வந்தது.

அப்போது செல்போன் எல்லார் கையிலும் வந்துவிட்டது. ஆனால் பாண்டிச்சேரியில் டிஸ்க் பிரேக் போட்ட சைக்கிளைப் பார்த்தவர்கள் குறைவு. நான் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் மகள் அதே பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு. என் வீட்டுக்காரர் தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தார். வீடு கோரிமேட்டில். இந்த ஊர் தோசைக்கல் மாதிரி தட்டையான ஊர். எங்கள் பக்கம் இறக்கம் என்று சொல்ல இருப்பது அந்த ஒன்றுதான், அது என் தலையில் வந்து விடிந்தது. தினமும் காலையில் மகளைப் பின்னால் உட்காரவைத்து அந்த இறக்கத்தில் இறங்கித்தான் பள்ளிக்கூடம் போகவேண்டும். பஸ்ஸில் போகலாமே என்று கேட்பீர்கள். காலை எட்டு மணி டவுன் பஸ்ஸில் ஒரு சின்னப் பிள்ளையை ஏற்றிப் பாருங்கள், பிறகு பேசலாம்.

முந்தைய வருட மழைக்காலத்தில் ஒருநாள் பிரேக் பிடித்தும் சைக்கிள் நிற்கவில்லை. ரப்பர் கட்டை ஈரமான விளிம்பில் வழுக்கிக்கொண்டே போனது. இறக்கத்தின் அடியில் குறுக்கே வந்த பஸ், ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, புள்ளய வெச்சிக்கினு இப்படியா வருவே?" என்றார். மீதி தூரம் முழுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தபோது சொல்லி அழுதுவிட்டேன். தம்பி, பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டில் பெண் எடுத்துப் பாரீஸ் பக்கம் போய் செட்டில் ஆனவன். அங்கே வேலைக்கே சைக்கிளில்தான் போகிறவன். "அழுவாத அக்கா, வக்கான்ஸுக்கு வரும்போது ஒரு வழி பண்றேன்" என்றான். வக்கான்ஸ் என்றால் அவர்களுடைய கோடை விடுமுறை. வரும்போது ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினான். செண்ட், சாக்லேட் என்று பிரித்துப் பார்த்தால், ஜீன்ஸ் பேண்டில் சுற்றிய ஒரு முன்சக்கரமும் தட்டு மாதிரி ஓர் இரும்பும். ஆரோவில் போகும் வழியில் மொரட்டாண்டிப் பக்கம் குடியிருந்து ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரம்மாவின் லேடீஸ் சைக்கிளையும் அவனே விசாரித்து வாங்கினான். பின்பிரேக்கை இருந்தபடியே விட்டுவிட்டு, முன்பக்கத்துக்கு மட்டும் அந்தப் புதுச் சாமான்களைப் பூட்டினான்.

அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். சக்கரத்தின் நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு இரும்புத் தட்டு சேர்ந்து சுழலும். அதன் இரண்டு பக்கமும் ஒரு சின்னப் பெட்டிக்குள் இரண்டு கட்டைகள் காத்திருக்கும். கைப்பிடியை அழுத்தினால் அவை தட்டைக் கவ்வும். மழையாவது தண்ணியாவது, நிற்கும். தெருவில் ஓட்டிக் காட்டினான். இரண்டு விரலால் அழுத்தினேன், வண்டி சொன்ன இடத்தில் நின்றது. மகளைப் பின்னால் வைத்து அன்றைக்கே மூன்று தடவை அந்த இறக்கத்தில் இறங்கினேன்.

தம்பி விமானம் ஏறினான், சத்தம் தொடங்கியது.

ஷ்ரிங், ஷ்ரிங், ஷ்ரிங். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தரம். தட்டு எங்கேயோ கட்டையில் உரசுகிறது. பெரிய சத்தம் இல்லை, ஆனால் ஓயாத சத்தம். பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் நான் தெருமுனை திரும்பும்போதே கேட்டைத் திறந்துவிடுவார். என் மகள் பின்னால் உட்கார்ந்து அந்தச் சத்தத்துக்கு ஏற்றபடி வாய்ப்பாடு சொல்லக் கற்றுக்கொண்டாள். எனக்கோ ஒரு வேலை அரைகுறையாக இருந்தால் சோறு இறங்காது. விடுவேனா?

போனில் தம்பி சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்தேன். சக்கரம் கோணலாக உட்கார்ந்திருக்கும் என்றான். வண்டியைத் தரையில் நிற்கவைத்து, கழற்றித் திரும்பப் பூட்டினேன். சத்தம் போகவில்லை. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் என்றான். பெட்டியின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, பிரேக்கை அழுத்தி, அழுத்தியபடியே முடுக்கவேண்டும். அழுத்த ஒரு கை, முடுக்க இரண்டு கை, எனக்கு இருப்பதோ இரண்டே கை. மகளின் ரிப்பனால் கைப்பிடியை இறுக்கிக் கட்டிவிட்டு முடுக்கினேன். சத்தம் பாதியானது. பிறகு இடைவெளி பார்ப்பதற்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கீற்றாக வெட்டித் தட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் சொருகிப் பார்த்தேன். யார் வீட்டுக் கல்யாணமோ, எனக்கு அப்படி உபயோகப்பட்டது. அப்போதும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஷ்ரிங்.

வீட்டுக்காரர் இதையெல்லாம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் அதிகம் பேசமாட்டார். வீட்டில் பேச்சு முழுக்க என் பங்கு. இரும்போடு இருபது வருடமாகக் குடித்தனம் பண்ணுகிறவர். மெஷின் பக்கத்தில் செருப்புக் காலோடு போகமாட்டார். ஒருநாள் மட்டும், "நான் வேணா பாக்கட்டா?" என்றார்.

"நீங்க அந்த போல்ட்ல கை வெக்காதீங்க. இப்பத்தான் ஒரு வழியா நேரா நிக்குது" என்றேன்.

"சரி" என்றார். அவர் சரி என்றால் சரிதான். போல்ட்டை அவர் தொடவே இல்லை.

ஆயுத பூஜை வந்தது. லேத் பட்டறைக்காரர்கள் ஆயுத பூஜை கொண்டாடுவதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். தீபாவளி எல்லாம் அப்புறம்தான். முதல் நாளே மெஷினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, இரும்பு பளபளவென்று இருக்கிற இடத்திலெல்லாம் எண்ணெய் தடவுவார்கள். துருப்பிடிக்கக் கூடாது, அதோடு அது மெஷினுக்கு எண்ணெய்க் குளியல். பிறகு சந்தனம், குங்குமம், மாலை, பூசணிக்காய். பட்டறையில் முடித்துவிட்டு, வீட்டில் இருக்கிற கத்தி, கத்திரிக்கோல், தையல் மெஷின், என் ஜியோமெட்ரி பாக்ஸ் வரைக்கும் பொட்டு வைப்பார். அன்று நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் அவர் சைக்கிளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது கேட்டது. மகள் குங்குமக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாள். மாலை போட்டு, கற்பூரம் காட்டிக் கும்பிட்டோம். வண்டி முழுக்கப் பொட்டு. மணிக்கு ஒன்று, சீட்டுக்கு ஒன்று, மகள் உட்காரும் இடத்துக்கு மூன்று. எது எங்கே என்று யார் எண்ணிப் பார்த்தார்கள்?

மறுநாள் விஜயதசமி. சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கி வண்டியை எடுத்தேன். தெருவில் பத்தடி போய்த் திரும்பிக் காலை ஊன்றி நின்றேன். அப்புறம்தான் உறைத்தது. சத்தம் இல்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் கடைசியாக போல்ட்டை முடுக்கிய அந்தக் கால் சுற்றுதான் வேலை செய்திருக்கிறது என்று நம்பினேன். "பாத்தீங்களா, போச்சு" என்றேன். அவர் சிரித்தார். அவர் எதற்காகச் சிரித்தார் என்று எனக்கு மறுநாள் தெரிந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம். ராத்திரி பெய்த தூறலில் ரோடு நனைந்து கிடந்தது. எனக்குப் பயமில்லை, மழைக்குத்தானே இந்த பிரேக். மகள் என் இடுப்பைப் பிடித்து உட்கார்ந்தாள், நடுவில் அவள் பையும் சாப்பாட்டுக் கூடையும். வண்டி பூனை மாதிரி சத்தமில்லாமல் இறங்கியது. "அம்மா, சத்தம் இல்லாம வாய்ப்பாடு வரலம்மா" என்றாள். நான் சிரித்துக்கொண்டே இரண்டு விரலால் பிரேக்கை அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னும் அழுத்தினேன். கைப்பிடி உள்ளே போனது, கம்பி இழுத்தது, கட்டை கவ்வியது, எல்லாம் கைக்குத் தெரிந்தது. வண்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அறுந்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். ஒன்றும் அறுந்துபோகவில்லை, ஒன்றும் கழலவில்லை, எல்லாம் சரியாக இருந்தது, வண்டி நிற்கவில்லை. பின்பிரேக்கை நசுக்கினேன். அந்தப் பழைய ரப்பர் கத்தியதே தவிர இரண்டு பேர் பாரத்தைப் பிடிக்கவில்லை. செருப்பைத் தரையில் தேய்த்தேன், வார் அறுந்து செருப்பு போய்விட்டது. கீழே பஸ்கள் திரும்புகிற முனை தெரிந்தது. ஒரு பஸ் திரும்பிக்கொண்டும் இருந்தது. எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: நான் விழுந்தால் அவள் என் மேல்தான் விழவேண்டும்.

இடது பக்கம் யாரோ வீடு கட்ட மணல் கொட்டிவைத்திருந்தார்கள். நேராக அதில் விட்டேன்.

சக்கரம் புதைந்தது, நான் முகம் குப்புற மணலில், அவள் என் முதுகின் மேல். சாப்பாட்டுக் கூடையிலிருந்து சாம்பார் ஒழுகி என் புடவையில் சூடாக இறங்கியது. அது ரத்தம் என்றே நினைத்தேன். திரும்பிப் பார்க்கும் தைரியம் இல்லை. "பாப்பா" என்றேன். "பாப்பா, பாப்பா." பிறகு பின்னாலிருந்து, "வாய்ல மண்ணும்மா" என்று துப்பினாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அவளை மடியில் போட்டுத் தலை, கை, கால், விரல் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அவள் அழவும் இல்லை. என் புடவைத் தலைப்பை மட்டும் முறுக்கிப் பிடித்திருந்தாள், நான் எவ்வளவு சொல்லியும் விடவில்லை.

அப்போதுதான் அந்த வாசனை. தேங்காய் எண்ணெயும் சந்தனமும். முன்சக்கரம் என் முகத்துக்கு அருகில் மணலில் பாதி புதைந்து நின்றது. தட்டில் விரல் வைத்தேன். விரல் வழுக்கியது. எடுத்துப் பார்த்தால் எண்ணெய், அதில் குழைந்த மஞ்சள், ஓரத்தில் சிவப்பு. என் பிரேக்குக்கு யாரோ தலைக்கு எண்ணெய் வைத்துப் பொட்டும் வைத்திருக்கிறார்கள். ரோட்டோரத்தில் அந்த விரலை முகர்ந்து பார்த்துக்கொண்டு பைத்தியக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஒரு காலில் செருப்பில்லாமல், மகளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வண்டியை மேட்டில் தள்ளினேன். ஏறும் வழி முழுக்க வாயில் வார்த்தைகளைத் திரட்டிக்கொண்டே போனேன். பதினைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் சொல்லாததை எல்லாம் அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று இருந்தேன். அவர் பட்டறைக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்தார். எங்கள் கோலத்தைப் பார்த்து, "என்னா ஆச்சு?" என்று ஓடிவந்தார்.

"பிரேக்குல எண்ணெ தடவுனது யாரு?"

"நான்தான். ஏன்?"

"ஏனா? நிக்கவே இல்லீங்க வண்டி. பஸ்ஸுக்கு நேரா போயிட்டோம். மணலு இல்லன்னா ரெண்டு பேரையும் இன்னிக்கி துணியில சுத்தித்தான் குடுத்திருப்பாங்க."

அவருக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. என்னையும் பார்த்தார், சக்கரத்தையும் பார்த்தார். அவர் உலகத்தில் எண்ணெய் இரும்புக்குக் கெடுதல் செய்யாது. எண்ணெய் இல்லாமல்தான் எல்லாம் கெடும். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"போல்ட்ட நான் தொடல. சத்தம் வந்துக்கினே இருந்துதே. உரசுதேன்னு எண்ணெ விட்டேன். பாப்பா போற வண்டியாச்சே. நிக்கிறதே அந்தத் தட்டாலதான்னு நீதானே சொன்ன? அதான் அதுக்கு மட்டும் மூணு வாட்டி தடவி, பொட்டு வெச்சி, நல்லா கும்பிட்டேன்."

நான் திரட்டி வைத்திருந்தது ஒன்றும் வெளியே வரவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்று எத்தனை தடவை வகுப்பில் பிள்ளைகளைக் கேலி செய்திருப்பேன். குரங்கு என் வாசலில் நிற்கும் என்று நினைக்கவில்லை. வண்டியிலேயே எந்த இடம் தன் மகளைக் காப்பாற்றுகிறதோ, அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக அதற்குச் செய்திருக்கிறார் இந்த மனுஷன். இவரை எங்கே போய்த் திட்டுவது?

அவருக்கு விஷயம் மெதுவாக இறங்கியது. மகளின் தலைமுடியிலிருந்த மணலைத் தட்டிவிடப் போனவர், கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்படியே படியில் உட்கார்ந்தார். அன்றைக்குப் பட்டறைக்குப் போகவில்லை. மத்தியானம் சோற்றைப் பிசைந்தார், சாப்பிடவில்லை. அன்றிலிருந்து சைக்கிள் பக்கமே போகவில்லை.

தம்பி போனில் முழுவதையும் கேட்டான். "கட்டை எண்ணெயக் குடிச்சிருக்கும்க்கா. இனிமே அது ஆவாது, தூக்கிப் போட்டுடு. தட்ட ஸ்பிரிட்டு போட்டுத் தொடை. மாமாவ ஒண்ணும் சொல்லாத" என்றான். நான் எங்கே சொன்னேன்? மெடிக்கல் ஷாப்பில் ஸ்பிரிட் வாங்கி, துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை தட்டைத் துடைத்தேன். பின்பிரேக்குக்கும் நல்ல ரப்பராகப் பார்த்து மாற்றினேன். ஊருக்கு வந்த ஒருவர் மூலம் தம்பி புதுக் கட்டைகள் அனுப்பும்வரை பஸ்தான். மகள் கூட்டத்தில் நசுங்கினாலும் ஒரு வார்த்தை முனகவில்லை.

புதுக் கட்டையைப் பூட்டியதும் அதுவும் வந்துவிட்டது. ஷ்ரிங், ஷ்ரிங். இரண்டு வாரம் பின்னால் ஆளில்லாமல் ஓட்டிப் பார்த்து, இறக்கத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பிறகே மகளை ஏற்றினேன். அவர் வாசலில் நின்று பார்த்தார். தெருமுனை திரும்பும்வரை நின்றார். தினமும் நின்றார். பட்டறைக்கு நேரமானாலும் நின்றார்.

எனக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். தட்டு லேசாக நெளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, சுத்தமான துணியால் பிடித்து, உரசும் இடத்தை மட்டும் கையால் மெல்ல வளைத்து நிமிர்த்தினேன். ரிப்பன் கட்டினேன், போல்ட்டை முடுக்கினேன், பத்திரிகைக் கீற்றை விட்டுப் பார்த்தேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் காற்றுச் சத்தம் மட்டும். பிரேக்கை அழுத்தினால் கல் மாதிரி நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவரிடம் சொல்லவில்லை, காலையில் அவரே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அவர் உள்ளே முகச் சவரம் செய்துகொண்டிருந்தார். மகளை ஏற்றிக்கொண்டு, "போயிட்டு வர்றோம்" என்று குரல் கொடுத்துவிட்டு மிதித்தேன். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. நாலு வீடு தாண்டியிருப்போம். பின்னால் தடதடவென்று காலடிச் சத்தம். வண்டி இழுபட்டு நின்றது. திரும்பினால் அவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை, இடுப்பில் லுங்கி, வெறுங்கால். மகளைத் தூக்கி இறக்கி, தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார்.

நான் திகைத்துப்போனேன். "என்னாங்க?"

"சத்தம் எங்க?" என்றார்.

"நேத்துதாங்க சரி பண்ணேன். பிரேக் நல்லாப் புடிக்குது, பாருங்க." அழுத்திக் காட்டினேன். வண்டியை முன்னால் தள்ளச் சொன்னேன். தள்ளினார், அசையவில்லை. தட்டில் அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன், எண்ணெய் இல்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மகளை மட்டும் விடவில்லை. மெஷினுக்கு முன்னால் நூலளவு பிசகாத அந்தக் கை, அவள் யூனிஃபார்மைக் கசக்கிப் பிடித்திருந்தது. அன்றைக்கு வாசலில் நாங்கள் மண்ணும் சாம்பாருமாக வந்து நின்றோமே, அது எனக்கு முடிந்துவிட்டது, அவருக்கு முடியவில்லை. அது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துக்கும் நேரமாகிவிட்டது. நான் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, கைப்பையிலிருந்து, அந்த போல்ட்டைத் திருகும் அலன் கீயை எடுத்தேன். ரோட்டிலேயே குந்தி உட்கார்ந்து, பெட்டியின் போல்ட்டைத் தளர்த்தி, ஒரு மயிரிழை பக்கவாட்டில் தள்ளித் திரும்ப முடுக்கினேன். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன்.

ஷ்ரிங். ஷ்ரிங். ஷ்ரிங்.

அவர் குனிந்து கேட்டார். சக்கரம் சுற்றி நிற்கும்வரை கேட்டார். பிறகு மகளைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்து, அவள் கால் சக்கரத்தில் படாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "போயிட்டு வாங்க" என்றார். மகள் தெருமுனைக்குள்ளேயே ஏழாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் தம்பி கேட்டான். "என்னாக்கா, சத்தம் போச்சா?"

"இருக்குடா" என்றேன். "இருக்கட்டும்."